ருத்ரா இசைக்குழுவும் 'நான்' என்னும் வினாவும்

சிங்கப்பூரில் வாழும் தமிழ் இளைஞர் சிலர் 1992ஆம் ஆண்டில் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினர். அதற்கு ருத்ரா எனப் பெயரிட்டனர். மேலைநாட்டு இசைவகைகளுள் பேரிரைச்சலுக்குப் பெயர்பெற்ற மெட்டல் இசையே அவர்கள் மேற்கொண்ட வடிவம். உபநிடதங்களும் பகவத்கீதையும் அத்வைத நூல்களுமே அவர்கள் மேற்கொண்ட பொருள். இவ்விரண்டும் இணைந்த தம் படைப்பை அவர்கள் 'வேதிக் மெட்டல்' என அழைக்கலாயினர். முப்பது ஆண்டு நீண்ட அவ்விசைப்பணியை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறையியல் ஏடொன்றில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என வாசகர் வினவக்கூடும். இரு காரணங்களால் இடமுண்டு எனக் கருதுகிறோம். முதலாவது, நம் திருச்சபைகளின் இளைஞரும், இறையியல் கல்லூரி விடுதிகளில் தங்கியிருக்கும் மாணவரும் இவ்வகை இசையைக் கேட்கின்றனர். ஆயர்கள் இதற்குக் காட்டும் எதிர்வினை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே உள்ளது: ஒன்று, 'சாத்தானின் இசை' எனக் கேளாமலே தள்ளிவிடுதல், மற்றொன்று, இளைஞரை ஆலயத்திற்குள் ஈர்க்கும் தூண்டிலாக அதனை எண்ணுதல். இவ்விரண்டிலும் இசை கேட்கப்படுவதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பெற்றுக்கொண்ட சமயப் போதனையைத் தம் தலைமுறையின் ஒலியில் எடுத்துரைக்க முயன்றோர் இவர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதல், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பறையையும் நாட்டார் மெட்டையும் வழிபாட்டிற்குக் கொணர்ந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் வரை, நம்மிடையேயும் பலர் செய்த முயற்சி இதுவே. நமக்கு அடுத்த வீட்டில் இம்முயற்சி எவ்வாறு நிகழ்ந்தது, அதில் எது வாய்த்தது, எது வாய்க்கவில்லை என அறிவது நமக்கும் பயன்தரும்.

இதனைத் திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறோம். இம்மலையடிவாரத்தில் டேனிஷ் மிஷனார் பள்ளி நிறுவிப் பணியாற்றிய நகரம் இது. ஆயினும் இந்நகரின் முகவரி அண்ணாமலையார் கோயிலே என்பதை எவரும் மறுக்கார். ருத்ராவின் இசையை அளந்தறிய இந்நகரம் மூன்று அளவுகோல்களைத் தருகிறது. சிவாலய வழிபாட்டில் ஓதப்பெறும் ஸ்ரீருத்ரம் ஒன்று. இவ்வூரில் வாழ்ந்தவராகப் போற்றப்படும் அருணகிரிநாதரின் சந்தம் மற்றொன்று. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று பதினாறு வயதுச் சிறுவராக இங்கு வந்து, 1950 ஏப்ரல் 14 வரை இம்மலையை விட்டு அகலாதிருந்த இரமணரின் மௌனம் மூன்றாவது. அச்சம், சொல், 'நான்' என்னும் மூன்றைப் பற்றியும் இவை முறையே நம்மை வினவச் செய்கின்றன.

1. இசைவகையும் அதன் பிறப்பும்

இவ்விசையை அறியாத வாசகர்பொருட்டுச் சில சொற்கள். இங்கிலாந்தின் தொழில்நகரான பர்மிங்காமில் தோன்றிய பிளாக் சபாத் என்னும் குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டையே மெட்டல் இசையின் தொடக்கமாகப் பலரும் கொள்வர். அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தகடு வெட்டும் ஆலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்கு நோவு குறையும்படி அவர் மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தவும் செய்தார். அதனால் பிறந்த கனத்த ஒலி இவ்விசைவகையின் முத்திரையாயிற்று. ஆலைத் தொழிலாளரின் உடற்காயத்திலிருந்து இவ்வொலியின் ஒரு கூறு பிறந்தது என்பதை, இதனைப் பழிக்க விரைவோர் மறவாதிருத்தல் நன்று.

பின்னர் இது பல கிளைகளாகப் பிரிந்தது. 1985இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர் தொடங்கிய ட்ரீம் தியேட்டர் போன்ற குழுக்கள், மாறிமாறி வரும் தாளக்கணக்கும், நீண்ட அமைப்பும், ஓர் இசைத்தட்டு முழுவதும் ஒரே கருத்தைத் தொடர்ந்து வளர்க்கும் முறையும் கொண்ட 'ப்ரோக்ரஸிவ் மெட்டல்' என்னும் கிளையை வளர்த்தன. நம் நாட்டிலும் அதற்குக் கேட்போர் உண்டு. 1996இல் கொச்சியில் தொடங்கிய மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் கமகங்களைக் கிட்டாரில் ஒலிக்கச் செய்தார். அக்குழுவின் 'மக்தூப்' 2008இல் வெளிவந்தது. சுவீடன் நாட்டின் ஓபெத் குழு 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் இசைத்தது. ருத்ரா இக்கிளையினும் கடுமையான டெத் மெட்டல், பிளாக் மெட்டல் கிளைகளைச் சார்ந்தது. எனினும், ஒரே வினாவை மூன்று இசைத்தட்டுகளில் தொடர்ந்து ஆராய்ந்த அதன் நோக்கம் ப்ரோக்ரஸிவ் கிளையின் பேராவலோடு உறவுடையது எனலாம்.

ருத்ரா தொடங்கிய அதே 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நார்வே நாட்டின் ஃபான்டாஃப்ட் மரத்தேவாலயம் தீக்கிரையானது. அந்நாட்டின் பிளாக் மெட்டல் வட்டத்தோடு தொடர்புற்ற தேவாலய எரிப்புகளின் தொடக்கம் அது. அங்குச் சிலர், தம் முன்னோரின் பழஞ்சமயத்தை மீட்கிறோம் எனக் கூறித் தீவைத்தனர். சிங்கப்பூரின் தமிழ் இளைஞரும் அதே ஒலியைக் கையாண்டனர். அவர்களும் தம் முன்னோரின் சமயத்தை நாடினர். ஆயின், அவர்கள் நாடியது நூல்களைக் கற்பதற்காக. ஓர் இசைவடிவம் தன்னளவில் ஒருவரை எத்திசைக்கும் கட்டாயமாக இழுத்துச் செல்வதில்லை என்பதற்கு இவ்வொப்பீடே போதிய சான்று.

2. ருத்ரா நடந்த பாதை

குழுவின் அச்சாக விளங்குவோர் இருவர்: பாடுபவரும் பேஸ் கிட்டார் இசைப்பவருமான கதிர், முரசுக் கலைஞரான சிவா. கிட்டார் கலைஞர் அவ்வப்போது மாறினர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய இக்குழு, 1998இல் தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 2001இல் 'தி ஆரியன் க்ரூசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா' ஆகியன தொடர்ந்தன. அதன்பின் 'பிரம்மவித்யா' என்னும் பொதுத்தலைப்பில் மூன்று இசைத்தட்டுகள் வந்தன: 2005இல் 'பிரைமார்டியல் ஐ', 2009இல் 'ட்ரான்ஸெண்டென்டல் ஐ', 2011இல் 'இம்மார்ட்டல் ஐ'. பின்னர் 2013இல் 'ருத', 2016இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி', 2022இல் 'எய்ட் மகாவித்யாஸ்' ஆகியன வெளிவந்தன.

இத்தலைப்புகளை வரிசையாக வைத்து நோக்கினால் பாதையொன்று புலப்படும். தொடக்கத்தில் நிற்பது அச்சுறுத்தும் தெய்வத்தின் பெயர். அடுத்து வருவன போரின் படிமங்கள். அதன்பின் போர்க்களம் அகத்தே புகுந்து, 'நான்' என்பது யாது என்னும் ஆய்வாகிறது. இறுதியில், உலகைத் தாங்கும் ஒழுங்கு, இருமையின் மறுப்பு, வித்தைகள் எனத் தத்துவச் சொற்களே தலைப்புகளாகின்றன. இளமைச் சினத்தோடு தொடங்கும் குழுக்கள் பல, முதுமையில் அச்சினத்தைப் பழக்கமாக நடித்துக் காட்டுவதோடு நின்றுவிடும். ருத்ராவோ கற்கக் கற்கத் தன் பொருளை மாற்றிக்கொண்டது. அதே வேளையில், கேட்போர் தொகையைப் பெருக்கும்பொருட்டுத் தன் ஒலியை மென்மையாக்கிக் கொள்ளவுமில்லை. இவ்விரு நேர்மைகளும் மதிப்பிற்குரியவை.

எனினும் இப்பாதையில் ஓர் இடறல் உண்டு. 'தி ஆரியன் க்ரூசேட்' என்னும் தலைப்பைத் தமிழர் எவரும் கவலையின்றிக் கடந்துவிட இயலாது. 'ஆரிய' என்பதற்கு வடமொழியில் 'மேன்மையான' என்னும் பொருளுண்டு என்பது உண்மையே. ஆயின் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சொல்லின் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளும், தமிழகத்தில் அச்சொல்லைச் சுற்றி எழுந்த சமூகநீதிப் போராட்டங்களும் அதன் பொருளில் கலந்துவிட்டன. அதனுடன் இணைக்கப்பட்ட 'க்ரூசேட்' என்பதோ சிலுவைப்போர்களை நினைவூட்டும் சொல். அது நம் திருச்சபை வரலாற்றின் இழிவு. இரு பேரினங்களின் காயங்களை ஒரே தலைப்பில் இணைத்தது, முழக்கத்தின் வேகத்தில் சொல்லின் எடையை மறந்த செயலாகும். பிற்காலத் தலைப்புகளில் இத்தகைய கவனக்குறைவு இல்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சிங்கப்பூரின் மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தினுடைய அடையாளச் சிக்கலோடு இணைத்து இவ்விசையை 2009இல் ஆராய்ந்து எழுதினார். ருத்ராவின் பாடல்கள் பெரிதும் ஆங்கிலத்திலும் வடமொழியிலுமே அமைந்துள்ளன. உலகெங்குமுள்ள மெட்டல் கேட்போருக்கு ஆங்கிலம். மரபின் ஆணைக்கு வடமொழி. வீட்டில் பேசும் மொழிக்கோ இடம் சிறிது. புலம்பெயர்ந்த சிறுபான்மையர் தம் அடையாளத்தை உலகின்முன் நிறுத்த முனையும்போது தாய்மொழியையே முதலில் விட்டுக்கொடுக்க நேர்வதை நாம் பிறவிடங்களிலும் காண்கிறோம். அத்வைதக் கருத்துகளைத் தமிழிலேயே ஆழமாகக் கூறிய மரபு நமக்கு இருப்பதால், இவ்விடைவெளி பெரிதாகத் தோன்றுகிறது.

3. அச்சம் என்னும் வாயில்

இனி முதல் அளவுகோலை எடுப்போம். கிருஷ்ண யஜுர்வேதத்தின் தைத்திரீய சங்கிதையில் பதினொரு அனுவாகங்களாக அமைந்த ஸ்ரீருத்ரம், இறைவனின் அருளைப் புகழ்ந்து தொடங்கவில்லை. அவருடைய சினத்திற்கும் அம்பிற்கும் வணக்கம் கூறித் தொடங்குகிறது. அச்சந்தரும் வில்லைத் தளர்த்தும்படி வேண்டுகிறது. சைவர் போற்றும் ஐந்தெழுத்து அதன் நடுவில், எட்டாம் அனுவாகத்தில் பொதிந்துள்ளது. 'ருத்ர' என்னும் பெயரையே 'அழுபவன்' என்றும் 'அழச் செய்பவன்' என்றும் மரபு விளக்கும். ஆகவே, அலறும் குரலை வாகனமாகக் கொண்ட இசைக்குழு இப்பெயரைத் தேர்ந்தது வெறும் அணியலங்காரம் அன்று.

ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் ருடால்ஃப் ஆட்டோ, 1917இல் வெளியிட்ட நூலில், புனிதத்தின்முன் மனிதன் நடுக்கத்தையும் ஈர்ப்பையும் ஒருசேர உணர்கிறான் என விளக்கினார். அதற்குச் சான்றாகக் கீதையின் பதினோராம் அதிகாரக் காட்சியையும் காட்டினார். மெட்டல் இசை கையாளும் உணர்ச்சி பெரும்பாலும் இந்நடுக்கமே. ஒலிபெருக்கியின் எல்லை மீறி மின்னலையை உடைத்து எழுப்பும் கிட்டாரின் கனத்த ஓசை, இரு கால்களாலும் விடாது அடிக்கப்படும் பெருமுரசு, தொண்டையின் உட்சுவர்களை அதிரவைத்து எழுப்பும் உறுமல் ஆகியவை செவியை மட்டுமன்றி நெஞ்சுக்கூட்டையும் தாக்குகின்றன. 'ட்ரான்ஸெண்டென்டல் ஐ' தொகுப்பில், பற்றியெரியும் தேரிலிருந்து எழும் துதிகள் எனப் பொருள்படும் தலைப்புடைய பாடலில் இவ்வோசை தன் பொருளோடு ஒன்றிநிற்கிறது. தேர்த்தட்டில் நின்று கேட்கும் ஒருவனுக்கு உண்மை உரைக்கப்பட்ட சூழல் அமைதியான பாடசாலை அன்று, இரு படைகளின் நடுவிடம் என்பதை இவ்வோசை நினைவூட்டுகிறது.

இங்கு நம் வழிபாட்டைப் பற்றிய வினா எழாமல் இராது. விவிலியத்தில் இத்தகைய நடுக்கம் இல்லையா? 29ஆம் சங்கீதத்தின் இடிமுழக்கமும், நாகூம் நூலின் சினமும், இருளோடு முடிந்துவிடும் 88ஆம் சங்கீதத்தின் ஓலமும் நம் மறைநூலில் உள்ளன. ஆயின் இன்று நம் சபைகளில் பாடப்படும் புதிய பாடல்களுள் பெரும்பாலானவை ஆறுதலையும் வெற்றியையும் ஆசீர்வாதத்தையுமே பாடுகின்றன. துயரத்தால் அலற விரும்பும் இளைஞனுக்கு ஆலயத்தில் இடமில்லாதபோது அவன் அலறலை வேறிடத்தில் தேடுவதில் வியப்பில்லை. அச்சத்தை வாயிலாகக் கொண்டமை ருத்ராவின் பலவீனம் அன்று. அதுவே அதன் முதல் வலிமை.

4. கேட்கப்படாத சொல்

இரண்டாம் அளவுகோல் சொல்லைப் பற்றியது. வேதாந்தக் கல்வி சிரவணத்தில், அதாவது ஆசிரியர் வாயிலாகக் கேட்டலில் தொடங்குகிறது; சிந்தித்தலும் ஆழ்ந்து தியானித்தலும் அதன்பின் வருவன. மறைக்குச் சுருதி என்னும் பெயரே அது கேட்கப்படுவது என்பதால் அமைந்தது. விசுவாசம் கேள்வியினால் வரும் எனப் பவுலடியார் ரோமர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் வாதிடுவதை அறிந்த நமக்கு இது அயலான கருத்தன்று.

ருத்ராவின் பாடற்பொருள் கற்றறிந்த பொருள். 'ட்ரான்ஸெண்டென்டல் ஐ' சங்கரரை வணங்கும் தலைப்போடு தொடங்குகிறது. ஆதிகுருவை வணங்கும் பாடலும் அஷ்டாவக்கிரரைப் போற்றும் பாடலும் அதில் உள்ளன. காணப்படுவது அன்று, காண்பவனே மெய் என்னும் தலைப்பு, பார்ப்பவனையும் பார்க்கப்படுவதையும் பகுத்தறியும் அத்வைதப் பயிற்சியைச் சுட்டுகிறது. 'இம்மார்ட்டல் ஐ' தொகுப்பிலுள்ள 'நவ், தேர்ஃபோர்' என்னும் தலைப்பு பிரம்மசூத்திரத்தின் முதற்சொற்களை நினைவூட்டுகிறது. பொருளின்மீது இத்துணை அக்கறை கொண்ட பாடல்கள் இவ்விசைவகையில் அரியவை. ஆயின் அவை பாடப்படும் குரலோ, சொல்லை மிகக் குறைவாகவே புலப்படுத்தும் குரல். உறுமலில் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று மயங்குகின்றன; முரசின் வெள்ளத்தில் மெய்யெழுத்துகள் மூழ்குகின்றன. அச்சிட்ட பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாதவர் ஒரு வாக்கியத்தையும் முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல் அரிது. கேட்டலையே அடித்தளமாகக் கொண்ட போதனை இங்கு வாசித்தலால் மட்டுமே சென்றடைகிறது.

இவ்விடத்தில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை எண்ணுகிறோம். 1 கொரிந்தியர் பதினான்காம் அதிகாரத்தில் அவர் பரவசப் பேச்சைத் தடைசெய்யவில்லை. பொருள் உரைப்பவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றே வற்புறுத்துகிறார். ருத்ராவின் இசையில் அச்சிட்ட வரிகளே பொருள் உரைப்பவராக நிற்கின்றன. அது போதுமா? பயின்ற இரசிகனுக்கு ஒருவேளை போதும். முதன்முறை கேட்பவனுக்கோ எஞ்சுவது ஓசையின் சினம் மட்டுமே.

வேகமும் சிக்கலான தாளமும் சொல்லை விழுங்கியே தீரும் என வாதிடுவோருக்குத் திருவண்ணாமலையின் மறுமொழி ஒன்றுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழில் இன்று 1,300க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. தாளக்கணக்கின் அருமையில் அவற்றுக்கு இணையானவை தமிழில் மிகச் சில. ஆயின் அங்குத் தாளம் சொல்லின்மேல் வந்து விழுவதில்லை, சொல்லே தாளமாகிறது. வல்லினம் அடியாகவும் மெல்லினம் அதிர்வாகவும் நின்று, ஒவ்வோர் எழுத்தும் முழவின் வேலையைச் செய்கிறது. எவ்வளவு விரைந்து பாடினும் எழுத்து உருக்குலைந்தால் சந்தமும் உடைந்துவிடும். ஆகவே சொல்லைக் காத்தலும் தாளத்தைக் காத்தலும் அங்கு ஒரே செயல். ருத்ராவின் முரசுக் கலைஞரிடம் வேகத்திற்கும் துல்லியத்திற்கும் குறைவில்லை. இல்லாதது சொல்லுக்கும் முரசுக்குமிடையே இத்தகைய உடன்படிக்கை. தமிழைப் பெரிதும் விலக்கி வைத்தமையால் இக்குழு இழந்தது அடையாளம் மட்டுமன்று, தன் கலைச்சிக்கலுக்குத் தீர்வாகக்கூடிய ஒரு மரபையும்தான் என்பதே நம் கணிப்பு.

எனினும் ஒன்றை மறைத்தல் நீதியன்று. ருத்ராவின் பாடல்களில் ஆங்காங்கே வடமொழி மந்திரம் தெளிந்த குரலில் ஓதப்படுகிறது. அவ்விடங்களில் உறுமலும் ஓதலும் எதிரெதிர் நிற்க, ஒன்று கேள்வியாகவும் மற்றொன்று மறுமொழியாகவும் ஒலிக்கின்றன. அக்கணத்தில் முன்சென்ற இரைச்சலுக்கும் பொருள் கிடைத்துவிடுகிறது. இக்குழுவின் இசை தன் பொருளுக்கு ஈடாக உயர்வது இவ்விடங்களிலேயே.

5. எந்த 'நான்'?

மூன்றாம் அளவுகோலே அனைத்திலும் கடினமானது. 'பிரம்மவித்யா' தொகுதிகள் மூன்றின் தலைப்புகளும் ஆங்கிலத்தின் 'ஐ' என்னும் ஓரெழுத்தில் முடிகின்றன. அவ்வெழுத்து 'நான்' என்னும் சொல்லாகும். ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழிவற்ற நான் என இம்மூன்றும் வளர்கின்றன. ஆன்மாவும் பிரம்மமும் வேறல்ல என்னும் அத்வைதத்தின் மையக் கருத்தே இவற்றின் பொருள்.

ஆயின், இதனைப் பாடும் குரல் எந்த 'நான்' உடையது? மெட்டல் இசையின் இயல்பான நிலை போர்வீரனின் நிலை: முட்டி உயர்த்தி, பகைவனை நோக்கி, தன் ஆற்றலை அறிவிக்கும் நிலை. அத்வைதமோ, செய்பவன் நான், வெல்பவன் நான் என எண்ணும் அந்த அகங்காரமே கலையவேண்டிய மாயை என்கிறது. அழியாத 'நானை'ப் பற்றிய சொற்களை அழியவேண்டிய 'நானின்' குரலில் பாடும்போது, கேட்பவன் உள்ளத்தில் எந்த 'நான்' வலுப்பெறும்? பரம்பொருளோடு ஒன்றானேன் என்னும் அறிவிப்பு, முட்டி உயர்த்திய கூட்டத்தின் நடுவில், வீங்கிய தன்முனைப்பாகவே கேட்கப்படும் அபாயம் உண்டு.

இதற்கு மறுமொழி கூற இயலாது என நாம் கூறவில்லை. இம்முழக்கத்தின் பகைவன் மனிதன் அல்லன், அறியாமையே எனலாம். அவித்தையின் நீக்கத்தைத் தலைப்பாகக் கொண்ட பாடலும் உள்ளது. அழிக்கும் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய இசை தன்னுணர்வை அழிக்கிறது என்றும், பேரோசையில் தனிமனிதன் கரைந்துவிடுகிறான் என்றும் வாதிடலாம். முதல் வாதத்தை ஏற்கிறோம். இரண்டாவதை ஏற்கத் தயங்குகிறோம். தயக்கத்திற்கான காரணத்தை அத்வைதமே தருகிறது. விடுதலை என்பது வந்துபோகும் பரவச அனுபவம் அன்று, தெளிந்த அறிவு என்பதே சங்கரர் மரபின் உறுதியான நிலைப்பாடு. கூட்டத்தில் கரைதல் இசை ஓய்ந்தவுடன் முடிந்துவிடும். கரைந்தவன் மீண்டும் பழைய 'நானாக' வீடு திரும்புவான்.

இரமணர் இம்மலையில் கைக்கொண்ட வழி இதற்கு நேர்மாறானது. 'நான் யார்?' என்னும் சிறுநூல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு, அப்போது பேசாதிருந்த அவர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவானது. ஓர் ஒப்புமை இங்கு நம் கவனத்தை ஈர்க்கிறது. 'நான்' பற்றிய போதனை இரமணரிடம் எழுத்தின் வழியே வந்தது, மௌனம் காரணமாக. ருத்ராவிடமும் அது எழுத்தின் வழியே வருகிறது, இரைச்சல் காரணமாக. முன்னதில் எழுத்து, வாசித்தவனை மீண்டும் மௌனத்திற்கே அனுப்பியது. பின்னதில் எழுத்து, வாசித்தவனை மீண்டும் எதற்கு அனுப்புகிறது? 1949இல் இரமணரைக் கண்டு, பின்னர் இம்மலைக் குகைகளில் தங்கிய பெனெடிக்ட் சபைத் துறவி அபிஷிக்தானந்தர் தம் வாழ்நாள் முழுவதும் அந்த மௌனத்தோடு போராடினார். ருத்ராவின் இசையிலும் அத்தகைய போராட்டத்திற்கு இடமுண்டு. ஆயின் அங்கு மௌனம் இன்னும் இசையின் உறுப்பாகவில்லை. ஓசை நின்ற இடைவெளியாகவே உள்ளது. ஓரேபு மலையில் எலியா கண்ட வரிசையை எண்ணுவோமாயின், புயலும் நிலநடுக்கமும் தீயும் இவ்விசையில் வந்துவிட்டன. அவற்றைத் தொடர்ந்த மெல்லிய ஓசைக்கு இக்குழு இன்னும் இடம்விடவில்லை.

இவ்வினாவில் நம் நிலையும் வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'இம்மார்ட்டல் ஐ' தொகுப்பில், கருநிலையில் உள்ள இறையியல்கள் எனப் பொருள்படும் தலைப்புடைய பாடலொன்று உண்டு. அத்தலைப்பை நம்மைப் போன்றோரை நோக்கிய வினாவாகவும் கொள்ளலாம். ஆண்டவர் என ஒருவரைத் தனக்கு எதிரே நிறுத்தி வணங்குவது முதிராத நிலையா? சங்கீதங்களின் 'நான்' கரைந்துபோக வேண்டுவதில்லை. அழைத்தவரின் முன்னே நின்று அலறுகிறது, வழக்காடுகிறது, மறுமொழிக்குக் காத்திருக்கிறது. பெயர்சொல்லி அழைக்கப்பட்ட அந்த 'நானை'க் கருநிலை என நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது. ஆயின் இவ்வேறுபாட்டை உணர்த்தும் அளவிற்கு ஓர் இசைக்குழு தன் பொருளைத் தெளிவாக வைத்திருப்பதே பாராட்டிற்குரியது. எதையும் நம்பாத இசையோடு இத்தகைய வழக்கே எழாது.

6. நமக்குரிய பாடம்

கிறிஸ்தவ உலகிலும் இவ்விசை முயற்சி நிகழாமல் இல்லை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் தழும்புகளைக் குறிக்கும் பெயர்கொண்ட அமெரிக்கக் குழு ஸ்ட்ரைப்பர், 1984 முதல் இசைத்தட்டுகளை வெளியிட்டது. மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்தினரிடம் எறிவதும் அதன் வழக்கம். அங்கு ஓசை ஈர்ப்பதற்கும் நூல் போதிப்பதற்கும் எனப் பிரிந்து நின்றன. ருத்ராவிடம் ஓசையும் போதனையும் ஒன்றையொன்று வினவுகின்றன. அவ்வினவல் முற்றும் வெற்றிபெறாவிடினும், அதுவே உயர்ந்த முயற்சி என மதிப்பிடுகிறோம். ஓசையைத் தூண்டிலாகக் கருதும் ஆயர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். அப்பாவு ஐயர் பறையை வழிபாட்டிற்குக் கொணர்ந்தது கூட்டம் சேர்ப்பதற்காக அன்று. பறை ஒலிக்கும்போது யாருடைய இழிவு நீங்குகிறது, எத்தகைய கடவுள் அறிவிக்கப்படுகிறார் என்னும் இறையியல் அதில் இருந்தது.

ருத்ராவைப் பற்றிய நம் தீர்ப்பு இதுவே. அச்சத்தை நேர்மையாக எதிர்கொண்ட குழு இது. தன் மரபைக் கற்று, ஒரே வினாவை ஆண்டுக்கணக்கில் விடாது பற்றிய குழு. ஆயின் அதன் பொருள் வளர்ந்த அளவிற்கு அதன் குரல் வளரவில்லை. 'நான்' பற்றிய அறிவு 2011ஆம் ஆண்டளவில் எட்டிய இடத்தை, அதனைச் சொல்லும் குரல் எட்டவில்லை. போதிக்கும் பொருளுக்கும் போதிக்கும் குரலுக்கும் இடையிலான இத்தூரம், பிரசங்கபீடத்தில் நிற்கும் எவருக்கும் அயலானதன்று. தாழ்மையைப் பற்றி அதிகாரக் குரலிலும், அருளைப் பற்றி மிரட்டும் குரலிலும் பேசப்படும் பிரசங்கங்கள் நம்மிடையே உண்டு.

இறையியல் மாணவர் இவ்விசையைக் கேட்க நேரின், அச்சிட்ட வரிகளை அருகில் வைத்துக்கொண்டு கேட்குமாறு வேண்டுகிறோம். முதலில் வரிகளைப் படித்து அவை எந்த உபநிடதக் கருத்தைச் சார்ந்தவை என அறிக; பின் இசையைக் கேட்டு, அவ்வோசை அப்பொருளுக்குத் துணைநிற்கிறதா, எதிர்நிற்கிறதா எனக் குறித்துக்கொள்க; அதன்பின் தாம் சென்ற ஞாயிறன்று ஆலயத்தில் பாடிய பாடலையும் அதே முறையில் ஆராய்க. ஆயர்களும் தம் சபை இளைஞரிடம் இவ்விசையை ஏன் கேட்கிறீர்கள் எனக் கடிந்து வினவுவதற்கு முன்னர், அதில் எதைக் கேட்கிறீர்கள் எனப் பொறுமையோடு வினவலாம். அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடை, நம் வழிபாட்டில் எதற்கு இடமில்லாமற் போயிற்று என்பதையும் நமக்கு உணர்த்தும் என நம்புகிறோம்.